கேட் தேர்வுக்காக வேலையை விடலாமா? ஃபைனல் இயர், வேலையோடு, டிராப்: மூன்றையும் வைத்துப் பார்ப்போம்

கேட் (GATE) என்பது இன்ஜினியரிங் படித்தவர்கள் எம்.டெக் சேரவும் பொதுத்துறை நிறுவன வேலைக்கும் பிப்ரவரியில் எழுதுகிற தேர்வு. ஜூன், ஜூலை வந்தால் போதும், காலேஜ் முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, வேலையை விட்டுட்டு கேட் எக்ஸாமுக்கு உட்காரலாமா?" ஃபைனல் இயரில் இருப்பவர்கள் இதையே வேறு மாதிரி கேட்பார்கள்: "இப்பவே எழுதணுமா, இல்ல முடிச்சிட்டு ஒரு வருஷம் ஒழுங்கா படிச்சு எழுதட்டுமா?" இரண்டுக்கும் பொதுவாகக் கிடைக்கும் பதில் "உன்னால் முடியும்னா பண்ணு" என்பது. அதை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முடிவு மன உறுதியைப் பொறுத்தது இல்லை, எத்தனை மாதம் இருக்கிறது என்பதையும் அவ்வளவாகப் பொறுத்தது இல்லை. சிலபஸில் உள்ள பாடங்களை நீங்கள் இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கப் போகிறீர்களா, அல்லது ஏற்கெனவே புரிந்ததைத் திரும்பப் புரட்டப் போகிறீர்களா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரண்டாவது வகை என்றால் வேலையை விட அவசியமே இல்லை. முதல் வகை என்றால், வேலையோடு இழுத்துக்கொண்டு இரண்டு வருடம் அரைகுறையாக எழுதுவதைவிட வேலையை விட்டு ஒரு வருடத்தை முழுசாகக் கொடுப்பது, அதாவது டிராப் எடுப்பது நல்லது.

சிக்கல் எங்கே என்றால், நாம் எந்த வகை என்பது நமக்கே தெரியாது. எட்டரை சிஜிபிஏ வைத்திருக்கிறவர் தான் இரண்டாவது வகை என்று நம்பிக்கொண்டிருப்பார். நம்முடைய செமஸ்டர் வினாத்தாளை நினைத்துப் பாருங்கள்: பார்ட் ஏ-வில் இரண்டு மார்க் வரையறைகள், பார்ட் பி-யில் 13 மார்க்குக்குப் பக்கம் பக்கமாக எழுதி, படம் வரைந்து, தலைப்புக்கு அடிக்கோடு போடுவது. ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸில் "பேஜிங் முறையைப் படத்துடன் விளக்குக" என்று கேட்டால் நாம் எல்லோருமே எழுதிவிடுவோம். அதே பாடத்தில் கேட் பாணிக் கேள்வி இப்படி வரும்: விர்ச்சுவல் அட்ரஸ் 32 பிட், பேஜ் சைஸ் 4 கேபி, ஒரு பேஜ் டேபிள் என்ட்ரிக்கு 4 பைட், ஒற்றை அடுக்கு பேஜ் டேபிளுக்கு எத்தனை எம்பி வேண்டும்? ஆப்ஷன் கிடையாது, எண்ணை நீங்களே தட்ட வேண்டும். 4 கேபி என்றால் 12 பிட் ஆஃப்செட்டுக்குப் போய்விடும், மீதி 20 பிட், அதாவது 2-ன் 20-ஆம் அடுக்கு என்ட்ரிகள், தலா 4 பைட், ஆக 4 எம்பி. ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டிய கணக்கு. படம் வரைந்து 13 மார்க் வாங்கியவர்களில் பலரும் இதில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காலேஜில் யாரும் அவர்களிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

அதனால் முடிவெடுக்கும் முன்னால் ஒரே ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். நீங்கள் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற ஒரு பாடம், சுமார் என்று நினைக்கிற ஒரு பாடம், இந்த இரண்டிலும் கடந்த ஐந்து வருட கேட் கேள்விகளை மட்டும் எடுத்து, நோட்ஸைத் திறக்காமல், நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். பழைய வினாத்தாள்களும் விடைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. நல்ல பாடத்தில் பாதிக்கு மேல் சரியாக வந்து, மீதியிலும் எங்கே தப்பினோம் என்று விடையைப் பார்த்ததும் பிடிபட்டால் நீங்கள் திரும்பப் படிக்கிற ஆள். விடையைப் பார்த்த பிறகும் ஏன் என்று விளங்கவில்லை என்றால் முதல் தடவை படிக்கிற ஆள், எவ்வளவு சிஜிபிஏ இருந்தாலும் சரி. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் திட்டம் வேறாக வேண்டும்.

இப்போது மணிக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பரையே எடுத்துக்கொள்வோம்: டிஸ்க்ரீட் மேத்ஸைத் தனிப் பாடமாக எண்ணினால் பத்து பாடம், மீதிக் கணிதம், ஆப்டிட்யூட் என்று பன்னிரண்டு பகுதி. வேலையில் இருக்கிறவர் வார நாட்களில் தினம் இரண்டு மணி நேரம், சனி ஞாயிறு சேர்த்து பதினொரு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 21 மணி நேரம். ஜூலையில் ஆரம்பித்து ஜனவரி முடிய சுமார் முப்பது வாரம். தீபாவளி, பொங்கல், சொந்தக்காரர் கல்யாணம், ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் நேரத்து ராத்திரிகள் எல்லாம் கழித்தால் உருப்படியாக 500 மணி நேரம் தேறும். பகுதிக்கு நாற்பது மணி நேரம். ஒரு பாடத்தைத் திரும்பப் புரட்டி, பழைய கேள்விகள் எல்லாம் போட்டு, தப்பானதை மறுபடி பார்க்க நாற்பது மணி நேரம் தாராளம். அதே நாற்பதில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனை ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து படித்து, பம்பிங் லெமாவைப் புரிந்துகொண்டு, கேள்வியும் போட்டுப் பழக முடியுமா? பெரும்பாலும் முடியாது.

டிராப் எடுத்தவருக்கு? தாளில் ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் என்று எழுதி வைப்பார்கள். உண்மையில் கவனத்தோடு படிப்பது ஐந்து, ஆறு மணி நேரம்தான், அதற்கு மேல் உட்கார்ந்திருப்பது உட்கார்ந்திருப்பது மட்டுமே. வாரத்துக்கு ஆறு நாள், 36 மணி நேரம், ஜூன் முதல் ஜனவரி வரை என்றால் ஏறக்குறைய 1,200 மணி நேரம். பகுதிக்கு நூறு. முதல் தடவை படிக்கிறவருக்கு இந்த நூறு மணி நேரம் பெரிய வித்தியாசம். திரும்பப் படிக்கிறவருக்கோ நாற்பதைத் தாண்டிய அந்த அறுபது மணி நேரம் அவ்வளவாக மார்க்காக மாறுவதில்லை, நவம்பரிலேயே சலிப்பு தட்டி, தெரிந்ததையே நாலாவது தடவை வாசித்துக்கொண்டிருப்பார்.

சரி, ஃபைனல் இயர்? மணி நேரம் இங்கேதான் குறைவு. ஆகஸ்டிலிருந்து பிளேஸ்மென்ட், நடுவில் இன்டர்னல், நவம்பர் டிசம்பரில் செமஸ்டர், எல்லாம் முடிந்து மூச்சு விடும்போது கேட் தேர்வுக்கு ஐந்து, ஆறு வாரம்தான் இருக்கும். 400 மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆனாலும் இந்த நிலையில் இருக்கிறவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது, எழுதுங்கள் என்றுதான். பாடம் இன்னும் ஆறிப்போகவில்லை, ஹாஸ்டலில் சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறது, சரியாக வரவில்லை என்றாலும் நீங்கள் எதையும் இழக்கவில்லை. முதல் இரண்டு வருடம் படித்த கணிதம் மட்டும் சுத்தமாக மறந்திருக்கும். பெரும்பாலான பேப்பர்களில் இன்ஜினியரிங் மேத்ஸுக்கு 13 மார்க், ஜெனரல் ஆப்டிட்யூடுக்கு 15 மார்க், இரண்டும் சேர்ந்தால் நூறில் 28. நேரம் குறைவாக இருக்கிற ஃபைனல் இயர் ஆட்கள் இந்த 28-ஐத்தான் மூன்றாம் ஆண்டு லீவிலேயே முடித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. கேட் ஸ்கோர் ரிசல்ட் வந்த நாளிலிருந்து மூன்று வருடம் செல்லும். மூன்றாம் ஆண்டில் இருக்கிறவர்களும்கூட எழுதலாம். 2026 பிப்ரவரியில் மூன்றாம் ஆண்டில் இருந்தபடி எழுதியவர் 2027-ல் டிகிரி முடிப்பார், ஸ்கோர் 2029 மார்ச் வரை இருக்கும், ஆக 2027, 2028 இரண்டு வருட எம்.டெக் அட்மிஷனுக்கும் அதே ஸ்கோரைப் பயன்படுத்தலாம். ஃபைனல் இயரில் நல்ல ஸ்கோர் எடுத்துவிட்டு வேலையில் சேர்ந்து, வீட்டுக் கடனைக் கொஞ்சம் அடைத்துவிட்டு, அடுத்த வருடம் அதே ஸ்கோரில் போனவர்கள் இருக்கிறார்கள். இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்போ, வயது வரம்போ கேட் தேர்வுக்கு இல்லை. 2026 தேர்வுக்குக் கட்டணம் 2,000 ரூபாய், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் 1,000. இவ்வளவு குறைந்த செலவில் உங்கள் நிலை என்ன என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. பொதுத்துறை நிறுவன வேலைக்காக எழுதுகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள், அவர்கள் பொதுவாக அந்தந்த வருட ஸ்கோரைத்தான் கேட்பார்கள், வயது வரம்பும் வைப்பார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் டிராப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்களுக்குப் பொதுவாக படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் இஎம்ஐ ஆரம்பிக்கும், டிராப் எடுக்கிற வருடமும் அதுவும் ஒன்றாக வந்து நிற்கும். அட்மிஷன் கிடைத்த பிறகும் கேட் மூலம் சேர்கிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய்தான் உதவித்தொகை, அதில் ஊருக்குப் பணம் அனுப்புவது கஷ்டம். அதனால் வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு காரியம் நடக்கிறது என்றால், அந்தக் கணக்கை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மனதில் அந்த பாரத்தோடு படிக்கிற ஆறு மணி நேரம் மூன்று மணி நேரத்துக்குத்தான் சமம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண்ணிடம் "ஒரு வருஷம் போகட்டும்" என்று சொல்கிற வீடு, அதே பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து படித்தால் மூன்றாம் மாதமே ஜாதகத்தை எடுத்துவிடுகிறது. எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்லவில்லை. உங்கள் வீடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வேலையைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள், அந்தச் சம்பளம் உங்களுக்கு நேரத்தையும் வாங்கித் தருகிறது. விட்டே ஆக வேண்டும் என்றால் ஊருக்குத் திரும்பாமல் ஹாஸ்டலில் இருந்து படிக்க முடியுமா என்று பாருங்கள்.

டிராப் யாருக்குப் பொருந்தும் என்றால், எனக்குத் தெரிந்து மூன்று பேருக்கு. பேப்பரை மாற்றுகிறவர்கள் முதலில்: மெக்கானிக்கல் முடித்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸோ, 2024-ல் புதிதாக வந்த டேட்டா சயின்ஸ் பேப்பரோ எழுத நினைக்கிறவர்கள். எந்த டிகிரி படித்தவரும் எந்தப் பேப்பரும் எழுதலாம், ஆனால் சேர்க்கும்போது டிகிரியைப் பார்ப்பது அந்தந்த ஐஐடியின் விதி, அதைப் படித்துவிட்டு இறங்குங்கள். இரண்டாவது, ஷிஃப்ட் வேலையில் இருக்கிறவர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாரா வாரம் ஏ, பி, சி என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிற ஒருவரிடம் "காலையில் நாலரைக்கு எழுந்து படி" என்று அறிவுரை சொல்வது கொடுமை, தூக்கமே ஒரு நேரத்துக்கு இல்லாதவருக்கு எந்த அட்டவணையும் நிற்காது. மூன்றாவது, மேலே சொன்ன வார இறுதி சோதனையில் இரண்டு பாடத்திலும் விடையைப் பார்த்தும் புரியாதவர்கள்.

இந்த மூன்றிலும் இல்லாத ஒருவர், அதாவது பகல் ஷிஃப்ட் ஐடி வேலை, ஓரளவு அடிப்படை, சொந்த பிராஞ்ச் பேப்பர் என்று இருப்பவர், டிராப் எடுப்பதாகச் சொன்னால் நான் தடுப்பேன். அவருக்கு நான் சொல்வது நடுவழி ஒன்று: லீவைச் சேர்த்து வையுங்கள். ஜூலையிலிருந்து ஒரு நாள் கூட வீணாக எடுக்காமல் சேர்த்து, ஜனவரியில் பொங்கல் விடுமுறையோடு ஒட்டி இரண்டு, மூன்று வாரம் எடுங்கள், முடிந்தால் சம்பளம் இல்லா விடுப்பாகவும் கொஞ்சம் கேளுங்கள். டிராப் எடுத்தவருக்கு உண்மையில் அதிக பலன் தருவது அந்தக் கடைசி மூன்று வாரம்தான், அதை மட்டும் நீங்களும் எடுத்துக்கொள்கிறீர்கள். மேனேஜரிடம் அக்டோபரிலேயே "ஜனவரியில் வீட்டு விஷயமாக லீவு வேண்டும்" என்று சொல்லி வைப்பது நல்லது, டிசம்பர் கடைசியில் கேட்டால் அந்நேரம் பார்த்து ஒரு ரிலீஸ் வந்து நிற்கும்.

தினசரி இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்றால், காலையில்தான். ராத்திரி எட்டரைக்கு ஓஎம்ஆர் டிராஃபிக்கில் நசுங்கி வந்து சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் வீடியோ ஓடும், கண் பார்க்கும், மண்டையில் ஏறாது. கம்பெனி பஸ்ஸில் போகிற ஒரு மணி நேரத்தைப் பாடம் படிக்க நம்பாதீர்கள், ஃபார்முலா ஷீட்டைப் புரட்டவோ ஆப்டிட்யூட் கேள்வி போடவோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிராப் எடுத்தவர்கள் வீட்டை விட்டு வெளியே ஒரு இடத்தில் படிப்பது அவசியம். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டு போய்ப் படிக்கத் தனி இடமே உண்டு, மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்தைப் பாருங்கள். கரண்ட் பில் கட்ட, கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்க, தங்கச்சியை டியூஷனில் விட என்று வீட்டில் சும்மா இருக்கும் ஆள் தலையில் விழுகிற வேலைகள் ஒரு நாளையே தின்றுவிடும்.

கோச்சிங் விஷயத்தை நீட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன். முதல் தடவை படிக்கிறவருக்கு கோச்சிங் பிரயோஜனம், ஒரு ஒழுங்கில் இழுத்துக்கொண்டு போகும். திரும்பப் படிக்கிறவருக்கு ஒரு டெஸ்ட் சீரிஸ் போதும், புரியாத இடத்துக்கு மட்டும் என்பிடெல் வீடியோக்கள் இலவசமாக இருக்கின்றன, பெரும்பாலும் ஐஐடி ஆசிரியர்கள் எடுத்தவை. வேலையில் இருப்பவர்கள் பெரிய தொகை கட்டி முழு ஆன்லைன் கோர்ஸ் வாங்குவதில் ஒரு ஆபத்து இருக்கிறது: நூற்றுக்கணக்கான மணி நேர ரெக்கார்டட் கிளாஸ் இருக்கும், உங்கள் 500 மணி நேரமும் பார்ப்பதிலேயே போய்விடும், ஒரு கணக்கு கூடக் கையால் போட்டிருக்க மாட்டீர்கள்.

கையால் போடுவது என்று சொல்லும்போது, எனக்குத் தெரிந்த ஒருவர் வைத்திருந்த தப்பு நோட்டைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் தப்பான கேள்வியை முழுசாக எழுத மாட்டார், ஏன் தப்பு என்று ஒரு வரி மட்டும்: "பேஜ் ஃபால்ட் எண்ணும்போது ஆரம்பத்தில் காலியாக இருந்த ஃப்ரேம்களை விட்டுவிட்டேன்", "கால்குலேட்டர் டிகிரியில் இருந்தது, ரேடியன் வேண்டும்", "கிலோபிட் என்று இருந்ததை கிலோபைட் என்று படித்தேன்". இப்படி நாற்பது வரி சேர்ந்ததும் அதில் பாதி ஒரே மாதிரித் தப்பு என்று தெரிந்தது. அவர் வேலையோடு எழுதியவர். டிராப் எடுத்தவர்கள் தினம் ஒரு மாக் டெஸ்ட் எழுதிவிட்டு மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு நகர்வதைவிட, வாரம் ஒன்று எழுதி இப்படி அலசுவது மேல்.

தேர்வு அறையின் கணக்கும் இந்தப் பேச்சோடு சேர்ந்ததுதான், ஏனென்றால் நேரம் குறைவாக இருப்பவர் இதில்தான் ஈடுகட்ட முடியும். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். ஆப்ஷன் உள்ள கேள்வியில் ஒரே விடை என்றால் தப்புக்கு நெகட்டிவ் உண்டு, ஒரு மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கு. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு ஆப்ஷனையாவது உறுதியாகத் தள்ள முடிந்தால் தட்டுவது லாபம். எண்ணைத் தட்டுகிற கேள்விக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கிற கேள்விக்கும் நெகட்டிவ் கிடையாது, அவற்றில் ஒன்றைக்கூட காலியாக விடாதீர்கள். சொந்தக் கால்குலேட்டர் உள்ளே போகாது, திரையில் உள்ளதை மவுஸால் அழுத்த வேண்டும், அது எரிச்சலாக இருக்கும். அக்டோபரிலிருந்தே வீட்டில் எல்லாக் கணக்கையும் அதே போன்ற திரைக் கால்குலேட்டரில் போட்டுப் பழகுங்கள்.

தமிழ்நாட்டிலேயே படித்தால் போதும் என்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா பிஜி நுழைவுத்தேர்வு இருக்கிறது, எம்.இ., எம்.டெக் சேர்க்கைக்கு. கேட் தேர்வுக்குப் படித்த படிப்பிலேயே அதையும் எழுதலாம், தனித் தயாரிப்பு பெரிதாக வேண்டாம். டிராப் எடுக்கிறவர்கள் இதற்கும் கட்டாயம் விண்ணப்பித்து வையுங்கள், ஒரு வருடம் முழுவதையும் ஒரே ஒரு பிப்ரவரி நாள் மேல் வைக்காதீர்கள்.

கடைசியாக வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும். ரிசல்ட் மார்ச்சில் வரும், ஐஐடிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆஃபர்கள் பொதுவான கோஆப் (COAP) தளத்தில் சுற்றுச் சுற்றாக வரும், என்ஐடிகளுக்கு சிசிஎம்டி (CCMT) என்ற தனி கவுன்சலிங். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் நம் மாநில ஜாதிச் சான்றிதழை நம்பி இருந்துவிடாதீர்கள், மத்திய அரசு படிவத்தில் ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் கேட்பார்கள், ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் போட்டு வையுங்கள். முதல் சுற்றில் ஓரளவு நல்ல ஆஃபர் வந்தால் "ரிடெயின் அண்ட் வெயிட்" போட்டுக்கொண்டு அடுத்த சுற்றைப் பார்க்கலாம், "அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்" கொடுத்தால் அதோடு முடிந்தது. வகுப்புகள் ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கம் வாக்கில் ஆரம்பிக்கும். உங்கள் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் ஃப்ரீஸ் கொடுத்த பிறகு ராஜினாமா போடுவது தாமதம், ஃப்ரீஸ் கொடுக்கும் முன்னால் போடுவது ஆபத்து. அதனால் மார்ச் ரிசல்ட் வந்த வாரத்திலேயே உங்கள் கம்பெனி ஆஃபர் லெட்டரை எடுத்து, நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டி முன்கூட்டியே வெளியேற முடியுமா, பாண்ட் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.